தீர்ப்பின் கடைசிப் பக்கம்: தண்டனையில் பிழை இருந்தால் அப்பீல் செய்வது எப்படி?

களக்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மஞ்சப்பைக்குள் ரேஷன் கார்டு உறை, அந்த உறைக்குள் நான்காக மடித்த தீர்ப்பு நகல். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. "ஐயாயிரம் ரூவா அபராதம்னாங்க. கட்டுனா எம்புள்ளைய விட்டுருவாங்களாய்யா? எப்பம் வருவான்?" என்றார்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வந்த தகராறு அது. 2022இல் நடந்தது. வழக்கமாகப் போடும் பிரிவுகள்தான்: இந்திய தண்டனைச் சட்டம் 294(பி) (பொது இடத்தில் ஆபாச வார்த்தை), 324 (ஆயுதத்தால் காயம்), 506(2) (கொலை மிரட்டல்). சாட்சிகள் சொன்னதும் மருத்துவர் சொன்னதும் பதினாறு பக்கம். தண்டனை கடைசிப் பக்கத்தில் ஒன்பது வரி. அந்த ஒன்பது வரியில் மூன்று பிழைகள் இருந்தன. வழக்கை நடத்தியவர் பதினாறு பக்கத்தையும் படித்திருந்தார், கடைசிப் பக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் குற்றவியல் வழக்கு நடத்தும் எனக்கு இது புதிது இல்லை. 'குற்றவாளி' என்று சொன்னவுடனேயே குடும்பம் இடிந்துபோய்விடுகிறது, அதற்குப் பிறகு வாசிப்பது யார் காதிலும் விழுவதில்லை. ஆனால் குற்றம் செய்தாரா என்பது ஒரு கேள்வி, அதற்கு எவ்வளவு தண்டனை என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் தோற்றவர்கூட இரண்டாவதில் ஜெயிக்கலாம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். குற்றத்தீர்ப்பை எதிர்த்து அவர்கள் அப்பீல் போக முடியாது, ஆனால் தண்டனையின் அளவு அதிகம் என்றோ அது சட்டப்படி செல்லாது என்றோ போகலாம்.

தீர்ப்பு நாளன்றே செய்ய வேண்டியவை

சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பின் நகல் ஒன்றை உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள். 'அப்புறம் காப்பி அப்ளிகேஷன் போட்டுக்கலாம்' என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது, தண்டனை மூன்று ஆண்டுக்கு மேற்படாமல் இருந்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அதுவரை ஜாமீனில் இருந்தவர் என்றால், தண்டித்த நீதிமன்றமே அப்பீல் செய்ய அவகாசம் தந்து தண்டனையை நிறுத்தி வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 389(3), அதற்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 430(3). அந்த மனுவை அன்றைக்கே போட வேண்டும். சாயங்காலம் சிறைக்கு அனுப்பும் வாரண்ட் எழுதி வண்டி ஏற்றிய பிறகு ஓடினால் பயன் இல்லை. அதனால் தீர்ப்புத் தேதி என்று தெரிந்தாலே ஜாமீன்தாரர்கள் இருவரையும் ஆவணங்களோடு நீதிமன்ற வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள். அபராதத் தொகையையும் கையில் வைத்திருங்கள். கட்டினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசிப் பக்கத்தைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் உள்ளதிலேயே முக்கியமான வேலை இதுதான். ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு சிறை, எவ்வளவு அபராதம், கட்டத் தவறினால் எவ்வளவு என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அந்தப் பிரிவுக்குச் சட்டத்தில் உள்ள அதிகபட்சத்தையும் எழுதுங்கள். அந்த அம்மா கொண்டு வந்த தீர்ப்பை அப்படி எழுதியபோது தெரிந்தது இது.

294(பி)க்கு மூன்று மாதம். 324க்கு இரண்டு ஆண்டு, கூடவே ஐயாயிரம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஓராண்டு. 506(2)க்கு இரண்டு ஆண்டு.

முதல் பிழை, 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற வார்த்தைகள் எங்கும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, நீதிபதி அப்படிச் சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்று முடிந்து அடுத்தது என்றுதான் ஓடும். இரண்டு ஆண்டு என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது சிறைக் கணக்கில் நாலே கால் ஆண்டு. ஒரே இடத்தில், ஒரே சண்டையில் நடந்த குற்றங்களுக்குத் தண்டனையை ஏககாலத்தில் ஓட விடுவதே பெரும்பாலும் நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். புதிய சட்டத்தின் 25ஆவது பிரிவு, ஏககாலமா அடுத்தடுத்தா என்பதைக் குற்றத்தின் தன்மையைப் பார்த்து நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது. ஆகவே புதிய சட்டப்படி நடந்த வழக்கில் தீர்ப்பு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அதுவே ஒரு குறை.

இரண்டாவது பிழை, அபராதம் கட்டத் தவறினால் ஓராண்டு என்பது. சிறையும் அபராதமும் விதிக்கக்கூடிய குற்றத்தில், கட்டத் தவறியதற்கான சிறை அந்தக் குற்றத்தின் அதிகபட்சச் சிறையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 324க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. கால் பங்கு ஒன்பது மாதம். ஓராண்டு என்பது நீதிபதிக்கு இல்லாத அதிகாரம். இதில் வாதமே தேவையில்லை, கணக்கு போதும்.

மூன்றாவது, அந்தப் பையன் விசாரணைக் காலத்தில் 12.3.2022 முதல் 21.4.2022 வரை ரிமாண்டில் இருந்திருக்கிறான். 41 நாள். அதைத் தண்டனையில் கழிக்க வேண்டும் (பழைய பிரிவு 428, புதிய பிரிவு 468). தீர்ப்பிலும் இல்லை, வாரண்ட்டிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஒன்று நினைவில் வையுங்கள்: இந்தக் கழிவு முக்கியத் தண்டனைக்கு மட்டும்தான், அபராதம் கட்டாததற்கான சிறைக்குக் கிடையாது.

மூன்றையும் சரிசெய்தால் இரண்டு ஆண்டில் 41 நாள் குறைவு. அபராதம் கட்டினால் வேறு எதுவும் இல்லை. நாலே கால் ஆண்டோடு ஒப்பிட்டால் இரண்டு வருஷத்துக்கும் மேல் வித்தியாசம். 'ஐயாயிரம் கட்டுனா விட்டுருவாங்களா' என்று அந்த அம்மா கேட்டதற்கு, அபராதம் கட்டுவது அந்தக் கூடுதல் சிறையை மட்டும்தான் நீக்கும், முக்கியத் தண்டனையைத் தொடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பலரும் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். கூடுதல் சிறையில் இருக்கும்போது ஒரு பகுதி கட்டினாலும் அந்த விகிதத்துக்கு நாள் குறையும்.

வேறு என்னென்ன பிழைகள் இருக்கலாம்

எந்தச் சட்டம் என்று பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு, தீர்ப்பு எப்போது வந்தாலும், பழைய தண்டனைதான். குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது. நான்குவழிச் சாலையில் நடக்கும் விபத்து மரணங்களில் இது பெரிய விஷயம். பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, புதிய 106(1)இல் ஐந்து ஆண்டு. 2023இல் நடந்த விபத்துக்கு இரண்டு ஆண்டைத் தாண்டினால் அது செல்லாது.

நீதிபதியின் அதிகார வரம்பையும் பாருங்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது, சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு ஏழு ஆண்டு என்று இருந்தாலும் சரி. தலைமை நீதித்துறை நடுவருக்கு ஏழு ஆண்டு வரை அதிகாரம். ஒரே வழக்கில் பல குற்றங்களுக்குத் தண்டனை அடுத்தடுத்து ஓடினாலும், மொத்தம் அந்த நீதிபதி ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடியதன் இரு மடங்கைத் தாண்டக் கூடாது.

ஆயுள் தண்டனை ஒன்றுக்கு மேல் இருந்தால், அவை அடுத்தடுத்து ஓட முடியாது என்று 2016இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. மனிதனுக்கு ஓர் ஆயுள்தானே. வெவ்வேறு வழக்குகளில் தண்டனை பெற்றவர்களுக்கு இன்னொரு விதி. திருட்டு வழக்கு நாலைந்து உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டாவது வழக்கின் தண்டனை, நீதிபதி ஏககாலத்தில் என்று சொல்லாவிட்டால், முதலாவது முடிந்த பிறகே தொடங்கும். கடைசித் தீர்ப்பின்போது முந்தைய தண்டனைகளின் விவரத்தை வக்கீலிடம் கொடுத்து அந்த உத்தரவைக் கேட்க வைக்க வேண்டும்.

தண்டனை பற்றிக் கேட்டார்களா என்பதும் முக்கியம். குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு, எவ்வளவு தண்டனை என்பதைப் பற்றி எதிரியிடம் கேட்க வேண்டும் என்பது சட்டம். பல தீர்ப்புகளில் ஒரே வரி: 'எதிரியிடம் தண்டனை குறித்துக் கேட்கப்பட்டது. குடும்பம் இருப்பதாகவும் குறைந்த தண்டனை வழங்குமாறும் கூறினார்.' கூண்டில் நிற்பவர் பதற்றத்தில் அதைத்தான் சொல்வார். அவருடைய வயது, இதற்கு முன் வழக்கு உண்டா, படிக்கும் பிள்ளைகள், படுத்த படுக்கையான பெற்றோர், வேலை, காயம்பட்டவருக்குக் கொடுத்த உதவி, எதையும் யாரும் விசாரிக்கவில்லை என்றால் அதை அப்பீலில் எழுதலாம். சான்றுகளோடு எழுத வேண்டும்.

வயது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் ஊர்ச் சண்டைகளில் சிக்குவது பெரும்பாலும் சின்னப் பையன்கள். சம்பவ நாளில் 18 நிறையவில்லை என்றால் அவனைச் சாதாரண நீதிமன்றம் தண்டித்திருக்கவே கூடாது. இந்தக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுக்க முடிந்த பிறகும்கூட, எழுப்பலாம் என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பஞ்சாயத்து அல்லது நகராட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

தண்டிக்கும் நாளில் 21 நிறையாதவர், ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றம் என்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வாங்கிப் பார்க்காமல், காரணத்தைப் பதிவு செய்யாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பிரிவு 6. அறிக்கையே வாங்காத தீர்ப்புகளை நான் கண்டிருக்கிறேன். முதல் முறை தவறியவர்களுக்கும் வயது பார்க்காமல், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட அந்தச் சட்டத்தில் வழி உண்டு, அப்பீல் நீதிமன்றமும் தரலாம். ஆனால் கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர் போன வழக்குகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம், உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. போக்சோ, போதைப்பொருள் வழக்குகளில் சட்டமே குறைந்தபட்சத் தண்டனையை நிர்ணயித்திருக்கும் இடங்களில், அதற்குக் கீழே குறைக்கும்படி கேட்பதும் வீண். அங்கே குற்றத்தீர்ப்பையே எதிர்த்துத்தான் போராட வேண்டும்.

எங்கே, எத்தனை நாளுக்குள்

நடுவர் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அப்பீல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு. 30 நாள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் என்று எங்கே தீர்ப்பு வந்திருந்தாலும் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

செஷன்ஸ் நீதிமன்றமே தண்டித்தது, அல்லது ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாள். 2004 ஜூலைக்கு முன்பு இதற்காகச் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏற வேண்டும். இப்போது மாட்டுத்தாவணியில் இறங்கி மேலூர் சாலையில் கொஞ்ச தூரம்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு அது கைக்கு வரும் வரையான நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. தாமதமாகிவிட்டால் தாமத மன்னிப்பு மனுவோடு போடலாம், காரணம் உண்மையாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் டிஸ்சார்ஜ் சீட்டு வேண்டும். 'பணம் இல்லாததால்' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மிகச் சிறிய அபராதம் மட்டும் விதித்த சில வழக்குகளில் அப்பீல் கிடையாது. அங்கே சீராய்வு மனுதான், அதாவது கீழமை நீதிமன்ற உத்தரவு சட்டப்படி சரிதானா என்று பார்க்கும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்பது. தண்டனைக் காலத்தைக் கூட்டிக் கணக்கிட்டதில் தப்பு, தேதி தப்பு போன்ற எழுத்துப் பிழைகளுக்கு அப்பீலே வேண்டாம், தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்திலேயே மனுப் போட்டுத் திருத்தலாம். வாரண்ட்டில் ரிமாண்ட் நாட்கள் விடுபட்டதையும் முதலில் அங்கேயே கேட்டுப் பாருங்கள். 41 நாள் கழிய வேண்டியவர் அப்பீலுக்கு நீதிமன்றம் நம்பர் போடும் வரை காத்திருக்கக் கூடாது.

அப்பீல் மனு

தேவையானவை: மேல்முறையீட்டு மனு, தீர்ப்பின் நகல், வக்காலத்து, தண்டனையை நிறுத்தி வைக்கக் கோரும் தனி மனு, அதற்குப் பிரமாணப் பத்திரம். ஆள் சிறையில் இருந்தால் வக்காலத்தில் அவர் கையெழுத்தைச் சிறை அதிகாரி சான்றிட வேண்டும். சிறையில் மனு கொடுத்து அவரைப் பார்க்கப் போகும் நாளிலேயே வக்காலத்துப் படிவத்தையும் கொண்டுபோங்கள், ஒரு நடை மிச்சம்.

தண்டனைப் பிழைகளைப் பொதுவாக எழுதாதீர்கள். 'கீழமை நீதிமன்றம் அதிக தண்டனை விதித்தது தவறு' என்ற வரியால் ஒரு நாள்கூடக் குறையாது. நான் அந்த வழக்கில் இப்படி எழுதினேன்:

'மேல்முறையீட்டாளர் 12.3.2022 முதல் 21.4.2022 வரை 41 நாட்கள் நீதிமன்றக் காவலில் இருந்தார். அந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படவில்லை. 324ஆம் பிரிவின் அதிகபட்சச் சிறை மூன்று ஆண்டு என்பதால், அபராதம் செலுத்தத் தவறியதற்கு ஒன்பது மாதத்துக்கு மேல் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. மூன்று குற்றங்களும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்வில் நடந்தவை, தண்டனைகள் அடுத்தடுத்து ஓட வேண்டியதற்கு எந்தக் காரணமும் தீர்ப்பில் இல்லை.'

நீதிபதி பென்சிலை எடுத்துச் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று. தண்டனையை மட்டும் எதிர்ப்பதா, குற்றத்தீர்ப்பையும் சேர்த்தா? மனுவில் இரண்டையும் எழுதுங்கள். விசாரணையின்போது 'தண்டனையோடு நிறுத்திக்கொள்கிறோம்' என்று வக்கீல் சொன்னால் அது பதிவாகிவிடும், குற்றத்தைப் பற்றி அதற்கு மேல் பேச முடியாது. சில வழக்கில் அது நல்ல முடிவுதான். ஆனால் தண்டனை பெற்றவரிடம் கேட்டு, அவருக்குப் புரிய வைத்து, அவர் சரி என்ற பிறகே சொல்ல வேண்டும். அரசு வேலையில் இருப்பவருக்கு அந்த ஒரு வாக்கியத்தால் வேலையே போகலாம்.

விசாரணைக்கு வரும் வரை

அப்பீல் நம்பர் ஆனதும் தண்டனை நிறுத்தி வைப்பு மனுவைத்தான் முதலில் எடுக்க வேண்டும். குறுகிய காலத் தண்டனையில் இது கிடைக்காவிட்டால், அப்பீல் விசாரணைக்கு வரும்போது தண்டனையே முடிந்திருக்கும். செக் வழக்குகளில், அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தை 60 நாளில் கட்டும்படி அப்பீல் நீதிமன்றம் சொல்லலாம், அதற்குத் தயாராகப் போங்கள்.

'அப்பீல் போனா தண்டனையைக் கூட்டிருவாங்களாமே' என்று பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். தண்டிக்கப்பட்டவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசு தனியாக அப்பீல் போட்டாலோ, உயர் நீதிமன்றம் சீராய்வில் நோட்டீஸ் கொடுத்துக் கேட்டாலோதான் அது நடக்கும்.

இரு தரப்பும் மனசாரச் சமாதானம் ஆகியிருந்தால், சட்டப்படி சமரசம் செய்ய முடியாத குற்றமாக இருந்தாலும், தண்டனையைக் குறைக்க அதை ஒரு காரணமாக நீதிமன்றங்கள் பார்ப்பதுண்டு. அதற்காக அடிபட்டவர் வீட்டு வாசலில் பத்துப் பேரை நிறுத்திக் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். அவர் காயம் உண்மை. அப்படி வாங்கிய தாள் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

வக்கீல் வைக்க வழியில்லை என்றால்

சிறையில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். சிறையிலிருந்தே, சிறை அதிகாரி மூலமாகவும் அப்பீல் மனு அனுப்ப முடியும். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். மேலே நான் சொன்ன கணக்குத் தாளை நீங்கள் எழுதி அவர் கையில் கொடுங்கள், பாதி வேலை முடிந்தது.

செஷன்ஸிலும் தோற்றால் மதுரைக் கிளையில் சீராய்வு மனு, 90 நாளுக்குள். அங்கே சாட்சியை மறுபடி அலசுவது கடினம், ஆனால் சட்டத்துக்குப் புறம்பான தண்டனை என்பது அங்கேயும் எடுபடும்.

உத்தரவு வந்த பிறகு

ஜெயித்தவர்கள் கோட்டைவிடும் இடம் இது. அப்பீல் உத்தரவு தண்டித்த நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து திருத்திய வாரண்ட் சிறைக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு மேஜையில் தங்கிவிட்டால் விடுதலை நாள் கடந்தும் ஆள் உள்ளே இருப்பார். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு உத்தரவு ஏறிவிட்டதா என்று பாருங்கள், நகலை வாங்கிக் கீழமை நீதிமன்ற அலுவலகத்தில் கொடுங்கள், அனுப்பிய தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சிறை அலுவலகத்தில் புதிய விடுதலைத் தேதியைக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குத் தேதி கிடைத்த அன்று என்னிடம் வந்து, ரேஷன் கார்டு உறையை நீட்டி, "இதுலயே எழுதிக் குடுங்கய்யா, தாளா இருந்தா தொலஞ்சிரும்" என்றார். நாளையும் மாதத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.